ஸ்கங்கு என்னும் விலங்கும் அதன் நாற்றம் பற்றிய ஆராய்ச்சியும்

பண்டைத் தமிழில் நாற்றம் என்னுஞ் சொல் மூக்கினால் அறியப்படும் புலன் அனைத்துக்கும் பொதுப்பெயராய் நின்றது. மலரின் மணமும் நாற்றமே. அழுகிய பொருளின் வீச்சமும் நாற்றமே. காலப்போக்கில் அச்சொல் இழிந்த பொருளையே சுட்டலாயிற்று. சொல்லுக்கு நேர்ந்த இக்கதி அப்புலன் பற்றிய அறிவுக்கும் ஒருவாறு நேர்ந்தது எனலாம். ஒளியையும் ஒலியையும் நுணுகி அளந்த விஞ்ஞானிகள் நாற்றத்தை நெடுங்காலம் அணுகாது விட்டனர். அதிலும் தீநாற்றத்தை ஆராய முன்வந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் தொடங்கிய ஆராய்ச்சியை இடைவழியிற் கைவிட்டோர் உளர்.

வட அமெரிக்காவில் வாழும் ஸ்கங்கு என்னும் சிறு விலங்கின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். அதன் நாற்றம் எப்பொருளால் ஆயது என்ற வினாவுக்கு 1896 இல் ஒரு விடை கூறப்பட்டது. அவ்விடை இரசாயனப் பாடநூல்களில் ஏறி, ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பெயர்ந்து, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மாணவர்களாற் கற்கப்பட்டது. ஆனால் அது தவறான விடை. அத்தவறு எங்ஙனம் தோன்றியது, எங்ஙனம் நிலைத்தது, அது நீங்கியபின் எவை விளங்கின என்பவற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர் அவ்விலங்கைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

தமிழில் எழுதுவோர் சிலர் ஸ்கங்கினை மரநாய் என்று மொழிபெயர்க்கின்றனர். இது பொருந்தாது. மரநாய் எம்மூர்த் தோப்புகளிலும் வீட்டுக் கூரைகளிலும் இரவில் உலாவுவது. புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்கங்கோ முற்றிலும் வேறான குடும்பத்தது. இலங்கையிலோ இந்தியாவிலோ அக்குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு எதுவும் இல்லை. ஸ்கங்கு என்ற பெயர் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் அல்கோன்கிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சிக்காகோ நகரின் பெயரும் அவ்வகை மொழியொன்றில் ஸ்கங்கையும் கடுமணமுடைய ஒருவகைக் காட்டு வெங்காயத்தையும் ஒருங்கே குறித்த சொல்லின் திரிபே என்பர். தமிழிற் பெயரில்லாத ஒன்றுக்குப் பொருந்தாப் பெயரிடுவதினும் அதன் சொந்தப் பெயரையே வழங்குதல் நன்று.

ஸ்கங்குகளிற் பல இனங்கள் உள. அவற்றுள் மிகப் பரந்து காணப்படுவது வரி ஸ்கங்கு. கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிக்கோவின் வடபகுதிவரை அது வாழ்கின்றது. உடல் வீட்டுப் பூனையின் அளவினது, கால்கள் குட்டையானவை, வால் அடர்ந்த மயிருடையது. உடல் முழுதும் கருநிறம். பிடரியில் தொடங்கும் வெண்மை முதுகில் இரு கிளையாகப் பிரிந்து வாலை நோக்கிச் செல்லும். இரவிலே புழுக்களையும் வண்டுகளையும் மண்ணிற் கிளறித் தின்னும். எலி, முட்டை, பழம் எவையேனும் கிடைப்பினும் விடாது. குளிர்காலத்தில் வளையினுள் நெடிது துயிலும். இதனினும் சிறியது புள்ளி ஸ்கங்கு. அதன் மேற்கத்திய வகையிற் பெட்டை செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிற் கருவுற்றும் கரு பல மாதங்கள் கருப்பையிற் பதியாது வளர்ச்சி நின்றிருக்கும். அடுத்த வசந்தத்திலேதான் அது பதிந்து வளர்ந்து குட்டியாகும். கிழக்கத்திய வகையில் இந்நீண்ட தாமதம் இல்லை. தோற்றத்தில் ஒத்த இரு விலங்குகள் இங்ஙனம் வேறுபடுதல் விலங்கியலார்க்கு வியப்பளித்தது. 2021 இல் வெளியான பரம்பரையலகு ஆய்வொன்று புள்ளி ஸ்கங்குகளில் ஏழு இனங்கள் உண்டென வகுத்தது.

நெடுங்காலமாக ஸ்கங்குகளை நீர்நாய், கீரிப்பிள்ளை போன்ற தோற்றமுடைய வீசல் முதலியவற்றின் குடும்பத்தில் ஒரு கிளையாகவே வைத்து எண்ணிவந்தனர். 1997 இல் ஜெரி டிராகு, ரொட்னி ஹணிகட் என்னும் இருவர் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டு, ஸ்கங்குகள் தனிக்குடும்பம் என்று காட்டினர். அதனோடு மற்றொரு செய்தியும் புலப்பட்டது. யாவா, சுமாத்திரா, போர்ணியோ, பலவான் ஆகிய தீவுகளில் வாழும் நாற்றக் கரடிப்பூனை எனத்தக்க இரு விலங்குகள் அமெரிக்க ஸ்கங்குகளுக்கு நெருங்கிய உறவினவாம். ஆகவே அக்குடும்பம் அமெரிக்காவுக்கே உரியதெனல் இனிப் பொருந்தாது. டிராகு அவர்கள் மணமறியும் ஆற்றல் பெரும்பாலும் இல்லாதவர் என்பது அமெரிக்காவிற் பலரும் அறிந்த செய்தி. மற்றையோர் அஞ்சி விலகிய துறையில் அவர் வாழ்நாளைச் செலவிட்டமைக்கு அதுவும் உதவியிருக்கும் போலும்.

ஸ்கங்கினால் மனிதர்க்கு விளையும் உண்மையான தீங்கு நாற்றத்தினால் அன்று, விசர்நோயினால் ஆகும். 1874 இல் ஹொரேஸ் ஹோவி என்னும் பாதிரியார், மேற்குப் பிரதேசங்களில் வெளியிற் படுத்துறங்குவோரை ஸ்கங்குகள் கடிப்பதனாற் பலர் இறந்தமையை எடுத்துக்காட்டி, இது ஸ்கங்குக்கே உரிய தனிநோய் எனக் கருதினார். அது நாய்க்கடியால் வரும் அதே விசர்நோயே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1961 முதல் 1989 வரை ஐக்கிய அமெரிக்காவில் விசர்நோயுற்றனவாக அறிவிக்கப்பட்ட காட்டு விலங்குகளில் ஸ்கங்கே முதலிடம் பெற்றிருந்தது. இரையினுள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் இட்டு நரிகளைக் காக்கும் முறை நல்ல பயன் அளித்தது. அதே மருந்து ஸ்கங்கினிடத்து அத்துணைப் பயன் தரவில்லை. பகலிலே தள்ளாடித் திரியும் ஸ்கங்கைக் கண்டால் அமெரிக்கர் விலகிச் செல்வதற்கு நாற்றம் மட்டும் காரணம் அன்று.

இனி அதன் படைக்கலத்தை நோக்குவோம். குதத்தின் இருபுறமும் ஒவ்வொரு சுரப்பி உண்டு. ஒவ்வொன்றும் முலைக்காம்பு போன்ற நுனியில் முடியும். அந்நுனிகளை வேண்டிய திசையிலே திருப்பும் ஆற்றல் ஸ்கங்குக்கு உண்டு. சுரப்பியைச் சூழ்ந்த தசை இறுகும்போது மஞ்சள் நிறமான எண்ணெய்போன்ற நீர் பீறிட்டுப் பாயும். மூன்று மீற்றர் தூரம்வரை குறிதவறாது பாய்ச்சும். துரத்துவோர் இன்ன இடத்தினர் எனத் தெரியாதவிடத்து நுண்துளிகளாக முகில்போலப் பரப்பும். தெரிந்தவிடத்து முகத்தையே நோக்கித் தாரையாகச் செலுத்தும். கண்ணிற் பட்டாற் சிறிது நேரம் பார்வை மங்கும், குமட்டலும் உண்டாகும்.

இத்துணை வல்ல கருவியை உடையதாயினும் ஸ்கங்கு அதனை எளிதிற் பயன்படுத்துவதில்லை. சுரப்பியிலுள்ள நீர் சிறிதளவே. முற்றாகத் தீர்ந்தால் மீண்டும் நிரம்ப ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். அதுவரை அது படைக்கலம் இழந்த போர்வீரன். ஆதலின் முதலில் எச்சரிக்கும். முன்னங்கால்களால் நிலத்தைத் தட்டும், சீறும், வாலை நிமிர்த்தும். புள்ளி ஸ்கங்கு முன்னங்கால்களை ஊன்றித் தலைகீழாய் நின்று தன் உடலின் வெண்புள்ளிகள் முழுதும் தெரியக் காட்டும். இவ்வளவுக்கும் விலகாதவர்க்கே தண்டனை.

சாள்ஸ் டார்வின் 1833 இல் தென்னமெரிக்காவில் பயணஞ் செய்தபோது அந்நாட்டு ஸ்கங்குகளைக் கண்டார். தன் வலிமையை உணர்ந்ததுபோல் அது பகலிலே வெட்டவெளியில் நாய்க்கும் மனிதனுக்கும் அஞ்சாது உலாவுவதை அவர் குறித்துள்ளார். மொன்றிவிடியோத் துறைமுகத்தை அணுகும்போது கரைக்காற்றில் அதன் நாற்றம் பீகிள் கப்பலுக்கே எட்டியது என்றும் அவர் எழுதினார். 1874 இல் தோமஸ் பெல்ற் என்பவர் நிக்கராகுவா நாட்டைப் பற்றி எழுதிய நூலில் அதன் நிறத்தின் பயனை ஆராய்ந்தார். இருளிலே கரிய உடல் மறைந்துவிடும். வெண்மை மட்டும் தோன்றும். ஒளிந்துகொள்ள விரும்பும் விலங்குக்கு இந்நிறம் பெருங்கேடு. தன்னை அறிவிக்க விரும்பும் விலங்குக்கு இதனினும் சிறந்த நிறம் இல்லை.

இக்கருத்து நூறாண்டுகளுக்கு மேலாகக் கருத்தளவிலேயே நின்றது. காட்டிலே சோதித்துப் பார்த்தவர் ஜெனிபர் ஹன்டர். பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய ஸ்கங்கு உருவங்களையும் நரி உருவங்களையும் அவர் கலிபோர்ணியாவிற் பல இடங்களில் இரையோடு நிறுத்தினார். சில ஸ்கங்குகளுக்கு நரியின் சாம்பல் நிறமும் சில நரிகளுக்கு ஸ்கங்கின் கருமை வெண்மையும் தீட்டினார். 2009 இல் வெளியான அவ்வாய்வின்படி, ஊனுண்ணிகள் நிறத்தையும் நோக்குகின்றன, உருவத்தையும் நோக்குகின்றன. மேலும் ஸ்கங்குகள் மிகுந்த இடத்தில் அவற்றின் அச்சம் மிகுந்தும், அருகிய இடத்திற் குறைந்தும் இருந்தது. எனவே அவ்வச்சத்தில் ஒரு பங்கேனும் பட்டறிந்து கற்ற பாடம் எனக் கொள்ளலாம். இவை எவற்றையும் பொருட்படுத்தாது ஸ்கங்கை விரும்பித் தின்னும் பறவையும் உண்டு. அது பெருங்கொம்பு ஆந்தை.

இனி இரசாயனத்துக்கு வருவோம். முதலில் ஓர் ஒப்புமை. புனுகுப்பூனையின் புனுகும் குதத்தை அடுத்த சுரப்பியிலிருந்தே கிடைப்பது. கோயில்களிலும் வாசனைத் தொழிலிலும் விலைபெற்ற பொருளாகையால் அதனை ஆராய அறிஞர் பலர் போட்டியிட்டனர். அதன் மணத்துக்குக் காரணமான சிவெற்றோன் என்னும் பொருளின் அமைப்பை லியோபோல்ட் ருசிக்கா 1926 இல் நிறுவினார். அத்தகைய பெருவளைய மூலக்கூறுகளை ஆராய்ந்தமைக்கும் பிற ஆய்வுகளுக்குமாக 1939 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு உரியதாயிற்று. ஏறத்தாழ அதே இடத்திற் பிறக்கும் ஸ்கங்கின் நீரை ஆராய்ந்தவர்க்கு வாய்த்தவை வேறு.

ஜேர்மனியில் கோத்திங்கன் நகரிலிருந்த வேலரின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் 1862 அளவிலேயே இந்நீர் ஆராயப்பட்டது. அம்முயற்சி நெடிது செல்லவில்லை. ஒஸ்கார் லோவ் என்னும் இரசாயன அறிஞர் 1872 இல் டெக்சாஸ் பிரதேசத்துக்குச் சென்ற பயணக்குழுவில் இருந்தார். ஸ்கங்கு நீரைத் திரட்ட அவருக்கு வாய்ப்புகள் பல கிடைத்தன. ஆனால் அவர் உடலிற் பற்றிய நாற்றத்தைத் தாங்கோம் எனத் தோழர் அனைவரும் எதிர்த்தனர். எஞ்சிய சிறிதளவை நியூயோர்க்குக்குக் கொண்டுவந்து சோதிக்கத் தொடங்கினார். கல்லூரி முழுவதும் கிளர்ந்தெழுந்து கூச்சலிட்டது. ஆராய்ச்சி அன்றோடு நின்றது. இதனைப் படிப்போர் நகைக்கலாம். ஆயினும் விஞ்ஞானத்தில் ஒரு துறை வளராமைக்கு அறிவின்மை மட்டுமன்றி அயலவரின் பொறுமையின்மையும் காரணமாகும் என்பது இதனாற் பெறப்படும்.

முறையான முதல் ஆய்வு 1896 இல் வெளிவந்தது. அதனைச் செய்தவர் தோமஸ் ஆல்ட்ரிச்; இடம் பால்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம். நாற்றத்துக்குக் காரணம் மேர்கப்டன் எனப்படும் சேர்வைகளே என்று அவர் கண்டார். அற்ககோலின் மூலக்கூறில் ஒட்சிசன் நிற்கும் இடத்திற் கந்தகம் நின்றால் அது மேர்கப்டன். இன்று தயோல் என்பர். மேர்கப்டன் என்னும் பெயர்க்கு இரசத்தைப் பற்றுவது என்று பொருள். இரசம், ஈயம், செம்பு போன்ற உலோகங்களைக் கண்டால் இவ்வகைப் பொருள்கள் இறுகப் பற்றிக்கொள்ளும். இவ்வியல்பைப் பின்னரும் காண்போம். அடுத்த ஆண்டில் ஆல்ட்ரிச்சும் அவருடைய துணைவர் ஜோன்சும் மீதைல் குயினோலின் என்னும் நைதரசன் சேர்வையும் அந்நீரில் உண்டெனக் காட்டினர். இவை யாவும் சரியே. தவறு எங்கே எனின், எந்த மேர்கப்டன் என்று கூறியதிலேயாம். ஆல்ட்ரிச்சின் ஆய்விலிருந்து பாடநூல்களிற் சென்று நிலைத்த பெயர் பியூட்டைல் மேர்கப்டன் என்பது.

இத்தவற்றுக்காக ஆல்ட்ரிச்சைக் குறைகூறல் நேர்மை அன்று. அக்காலத்தில் நீர்மங்களைப் பிரிக்கக் கிடைத்த வழி, சூடாக்கி ஆவியை வடித்தலே. பியூட்டைல் மேர்கப்டன் 98 பாகைச் சதமத்துக்கு அணித்தாகக் கொதிக்கும். ஸ்கங்கு நீரில் உண்மையாக உள்ள முதன்மைப் பொருள் பியூட்டீன் தயோல். அதன் கொதிநிலையும் 100 பாகைக்கு அணித்தே. முன்னையதில் காபன் நான்கு, ஐதரசன் பத்து, கந்தகம் ஒன்று. பின்னையதில் காபன் நான்கு, ஐதரசன் எட்டு, கந்தகம் ஒன்று. இரண்டு ஐதரசன் அணுக்களே வேறுபாடு. கலவையாய் உள்ள ஒன்றை எரித்து அதன் மூலகங்களை நிறுத்துக் கணக்கிடும் முறையில் இவ்வேறுபாடு எளிதிற் புலப்படாது. குறைகூறத் தக்கவர் பின்வந்த நூலாசிரியரே. ஆல்ட்ரிச் மூக்கைப் பொறுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர்களோ ஆல்ட்ரிச்சின் பெயரையும் விட்டு, முடிவை மட்டும் படியெடுத்தனர். மேர்கப்டன்களைப் பற்றிக் கூற வந்த பாடநூலாசிரியர்க்கு மாணவர் மனத்திற் பதியும் உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. ஸ்கங்கைவிடச் சிறந்த உதாரணம் வேறு யாது?

உண்மை வெளிப்பட்டது 1975 இல். நியூ ஹாம்ப்சயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனத் அண்டர்சனும் டேவிட் பேர்ன்ஸ்டைனும் அந்நீரை வாயு நிறப்பதிவியல் என்னும் புதிய முறையாற் பிரித்தனர். கலவையை ஆவியாக்கி நீண்ட குழாயொன்றினூடாகச் செலுத்தினால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் குழாயின் உட்பூச்சோடு வெவ்வேறளவிற் பிணைந்து, வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். வடித்தலாற் பிரியாதனவும் இம்முறையாற் பிரியும். வெளிவந்தவற்றுள் பியூட்டீன் தயோலும், ஐந்து காபன் அணுக்களையுடைய மீதைல் பியூட்டேன் தயோலும் முதன்மை பெற்றன. பியூட்டைல் மேர்கப்டன் காணப்படவில்லை. 1978 இல் அவர்கள் இரசாயன ஆசிரியர்களுக்கென நடைபெறும் இதழில் இதுபற்றித் தனியே ஒரு குறிப்பும் எழுதினர். பாடநூல்களைத் திருத்தவேண்டியவர் யாரோ அவர்களிடமே செய்தியை ஒப்படைத்தது நல்ல செயல். ஆயினும் பழைய கூற்று அதன்பின்னும் உடனே ஒழிந்துவிடவில்லை. அச்சேறிய பிழைக்கு ஆயுள் அதிகம்.

அண்டர்சன் கூறியதை மேலும் நிறைவாக்கியவர் கலிபோர்ணியாவில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் வுட். 1990 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நிறப்பதிவியலோடு மூலக்கூறுகளை உடைத்து அவற்றின் திணிவை அளக்கும் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்தினார். வரி ஸ்கங்கின் நீரில் எளிதில் ஆவியாகும் முதன்மைப் பொருள்கள் ஏழு எனக் கண்டார். பியூட்டீன் தயோல் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு. மீதைல் பியூட்டேன் தயோல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குயினோலினை உடலாகக் கொண்ட தயோல் ஒன்று உண்டு. ஆல்ட்ரிச் கண்ட மீதைல் குயினோலினும் உண்டு. எஞ்சிய மூன்றும் தயோஅசற்றேற்றுகள்; அதாவது மேற்கூறிய மூன்று தயோல்களும் அசற்றிக் அமிலப் பகுதியோடு இணைந்து நிற்கும் வடிவங்கள்.

இம்மூன்றினாலும் ஒரு பழைய புதிர் விடுபட்டது. ஸ்கங்கின் தாக்குதலுக்கு உள்ளான நாயைக் கழுவி நாற்றம் நீங்கிற்றென எண்ணியிருப்பர். சில நாட்களின்பின் அந்நாய் மழையில் நனைந்தால் நாற்றம் மீண்டும் எழும். தயோஅசற்றேற்றுக்குத் தன்னளவிற் கடுநாற்றம் இல்லை. ஆதலின் கழுவியவர் மூக்குக்கு அது அகப்படாது மயிரில் ஒட்டியிருக்கும். நீர் பட்டதும் மெல்ல நீர்ப்பகுப்புற்று அசற்றிக் அமிலம் வேறாகவும் தயோல் வேறாகவும் பிரியும். பிரிந்த தயோல் பழைய நாற்றத்தை மீட்டும் பரப்பும். வைப்பிலிட்ட பணம் சிறிது சிறிதாய் வெளிவருதல் போன்றது இது. 1991 இல் வுட் புள்ளி ஸ்கங்கின் நீரை ஆராய்ந்தபோது அதில் தயோஅசற்றேற்றுகள் இல்லாமையைக் கண்டார். அதன் நாற்றம் கழுவியபின் இங்ஙனம் மீள்வதில்லை. பியூட்டைல் மேர்கப்டன் ஒன்றையே நம்பியிருந்த காலத்தில் இப்புதிருக்கு விடை காண எவராலும் இயன்றிராது.

மருந்தும் அவ்வாறே. அமெரிக்க வீடுகளில் ஸ்கங்கு நாற்றத்துக்குத் தக்காளிச் சாறே கைகண்ட மருந்து என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. தக்காளியில் தயோலை மாற்றவல்ல பொருள் எதுவும் இல்லை. நாற்றத்தினிடையே நெடுநேரம் நின்றவர் மூக்குச் சோர்ந்து அதனை உணராது விடும். அந்நிலையிற் புதிய மணமாகிய தக்காளி மட்டும் தெரியும். பின்னர் வெளியிலிருந்து வருபவர் மூக்கைப் பொத்துவர். எம்மவரிடையே வழங்கும் கைமருந்துகளிலும் இத்தகையன சில உண்டென்பதை மறுப்பதற்கில்லை.

மெய்யான மருந்தை 1993 இல் வெளிப்படுத்தியவர் இலினோய் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் இரசாயனராய்ப் பணியாற்றிய போல் கிறேபோம். ஆய்வுகூடத்தில் எழும் ஐதரசன் சல்பைட்டு வாயுவின் நாற்றத்தைக் காரங்கலந்த ஐதரசன் பரவொட்சைட்டினால் அவர் நீக்கிவந்தார். உடன் பணியாற்றிய ஒருவரின் பூனை ஸ்கங்கினால் தாக்குண்டபோது, அம்முறையையே தோலுக்கு ஊறு விளையாதபடி மென்மையாக்கிக் கொடுத்தார். நூற்றுக்கு மூன்று வீதமுள்ள ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசல் ஏறத்தாழ ஒரு இலீற்றர், அப்பச் சோடா காற்கோப்பை, திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி, இவ்வளவே. கலந்தவுடன் கண்ணிற் படாது உடலிற் பூசி, ஐந்து நிமிடம் விட்டு நீராற் கழுவவேண்டும்.

இதன் தொழிற்பாடு பாடசாலை மாணவரும் விளங்கிக்கொள்ளத் தக்கது. சவர்க்காரம் எண்ணெயை மயிரினின்று பிரிக்கும். சோடா கரைசலைக் காரத்தன்மை உடையதாக்கும். அதனால் தயோல் தன் ஐதரசனை இழந்து எளிதிற் தாக்கத்துக்கு உட்படும். பரவொட்சைட்டு அதற்கு ஒட்சிசனை அளித்து, கந்தகத்தோடு மூன்று ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த உப்பாக மாற்றும். அவ்வுப்பு நீரிற் கரையும்; ஆவியாகாது; ஆவியாகாதது மூக்கை எட்டாது. நாற்றத்தை மறைத்தலுக்கும் நாற்றப் பொருளையே வேறு பொருளாக்கலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இக்கலவையைப் போத்தலில் அடைத்து வைத்தல் ஆகாது. ஒட்சிசன் இடையறாது வெளிவந்து போத்தலை வெடிக்கச் செய்யும். அதனாற்போலும் எந்த வணிகரும் இதனைப் போத்தலில் அடைத்து விற்கவில்லை. கிறேபோம் இதனை இரசாயனச் செய்தியிதழ் ஒன்றில் யாவரும் அறிய வெளியிட்டார். நாயின் நலங்கருதிக் கழுவுதல் விரைவிற் செய்யத்தக்கது. ஸ்கங்கின் நீர் மிகுதியாகப் பட்ட நாயொன்றின் செங்குருதிக் கலங்கள் சிதைந்தமையை மிருக வைத்தியர் 2005 இற் பதிவு செய்துள்ளனர். வெங்காயம் தின்ற நாய்க்கும் இதையொத்த கேடு விளைவதுண்டு. அங்கும் காரணம் கந்தகச் சேர்வைகளே.

கந்தகச் சேர்வை என்றவுடன் வெறுக்கத்தக்கது என எண்ணல் வேண்டா. வெங்காயம், வெள்ளைப்பூடு, பெருங்காயம் ஆகியவற்றின் மணமும் கந்தகத்தால் ஆயதே. பெருங்காயத்தின் மணத்துக்குரிய பொருளொன்றில் நான்கு காபன் கொண்ட பியூட்டைல் பகுதியும் இரு கந்தக அணுக்களும் உள. இரசத்திற் சிட்டிகையளவு இட்டால் நாவூறும். கட்டியை நேரே முகர்ந்தால் முகஞ்சுளிக்கும். ஆயினும் தயோல்களை மூக்கு உணருந் திறன் ஏனையவற்றை உணருந் திறனினும் மிக நுண்ணிது. காற்றிலே நூறு கோடிப் பங்கிற் சில பங்கே இருப்பினும் அறிந்துவிடும்.

இந்நுண்மைக்குக் காரணம் யாதென 1978 இல் றொபேட் கிறப்றீ என்பார் ஓர் ஊகம் கூறினார். தயோல்கள் உலோகத்தைப் பற்றும் இயல்பின என்று மேலே கண்டோம். ஆகவே மூக்கின் உணர்கலங்களிற் செம்பு அணு இருக்கக்கூடும். தயோல் அச்செம்பைப் பற்றும்போதே நாற்றம் உணரப்படும் என்றார். மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக அது ஊகமாகவே நின்றது. 2012 இல் எரிக் புளொக், ஹிரோவாகி மற்சுனாமி முதலியோர் சேர்ந்து செய்த ஆய்வில், எலியின் மூக்கிலுள்ள ஒரு வாங்கிப் புரதம் செம்பு இருக்கும்போது கந்தகச் சேர்வைக்கு மிக வலிதாகவும், செம்பை நீக்கியபோது மிக மெலிதாகவும் தொழிற்படுதல் காணப்பட்டது. 2016 இல் மனித மூக்கின் வாங்கி ஒன்றினும் அவ்வாறே கண்டனர். கெட்டுப்போன ஊனிலும் தேங்கிய சேற்றிலும் கந்தகச் சேர்வைகள் எழுவன. அவற்றை முன்னரே அறிந்து விலகும் உயிர்க்கு நன்மை உண்டு. ஸ்கங்கு புதியதோர் அச்சத்தை உண்டாக்கவில்லை. ஏனைய விலங்குகளிடம் முன்னரே இருந்த அருவருப்பைத் தனக்குக் காவலாக்கிக்கொண்டது எனலாம்.

மனிதனும் அதனையே செய்தான். 1937 மார்ச்சு 18 ஆந் திகதி டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில் ஒரு பாடசாலையின் அடித்தளத்தில் எரிவாயு கசிந்து திரண்டிருந்தது. இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை. ஆதலின் எவரும் அறிந்திலர். மின்கருவியொன்றின் தீப்பொறியால் அது வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன்பின்னரே எரிவாயுவிற் கடுநாற்றமுள்ள பொருளைக் கலத்தல் வேண்டுமென அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அவ்வழக்கம் பின்னர் எங்கும் பரவியது. கலப்பதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவை தயோல்களே. எம்மவர் அடுக்களையிலுள்ள சமையல் வாயுவின் கொள்கலம் கசியும்போது எழுவது ஈதைல் மேர்கப்டனின் நாற்றம். வாயுவின் நாற்றம் அன்று. அமெரிக்க நகரங்களிற் குழாய்வழி செல்லும் இயற்கை எரிவாயுவிற் பெரிதும் கலக்கப்படுவது, நான்கு காபனுடைய பியூட்டைல் மேர்கப்டனின் கிளைத்த வடிவமொன்று. பாடநூல்கள் எண்பது ஆண்டுகள் ஸ்கங்கின்மேல் ஏற்றிக்கூறிய பொருளுக்கு உடன்பிறந்ததாகிய அப்பொருள், ஸ்கங்கு நுழையாத அடுக்களைகளில் அதன் வேலையைச் செய்துவருகின்றது.